பற்றரிக்கு ஹயாத்தா, மௌத்தா?

செத்துப்போனதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, "சும்மா நித்திரைதான், எழுப்பித் தாங்க" என்று ஆட்கள் கேட்கிற தொழில் உலகத்தில் பற்றரிக்காரனுடைய தொழில் ஒன்றுதான். கல்முனையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒரு வீதியில், எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருஷம் நான் கடை போட்டேன். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது, அதை ஒருவரும் வாசிக்கவில்லை. எனக்கும் உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது, அதையும் ஒருவரும் கூப்பிடவில்லை. ஊருக்கு நான் பற்றரிக் காக்கா.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "காக்கா, இதுக்கு ஹயாத்தா, மௌத்தா?" உயிர் இருக்கிறதென்றால் சார்ஜில் போட வேண்டும். போய்விட்டதென்றால் உடைத்து ஈயத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் இரண்டிலொன்று சொல்லும்வரைக்கும் அவர்கள் என் முகத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் டாக்குத்தரைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் கிடந்து உழன்ற யாராவது இதை வாசித்தால், கையிலிருக்கிற அசிட் தழும்பைத் தடவிக்கொண்டே வாசியுங்கள். நம்மட பாடு நமக்குத்தான் விளங்கும்.

சாரனில் ஓட்டை

அசிட் பொல்லாத சாமான். தெறிக்கிற நேரம் தெரியாது, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும். கழுவிப் போடும்போதுதான் தன் வேலையைக் காட்டும். என்னிடம் இருந்த சாரன் ஒன்றாவது முழுசாக இருந்ததில்லை. ஒரு பெருநாளைக்கு எடுத்த புதுச் சாரனை, 'இண்டைக்கு நான் மேசைப் பக்கமே போக மாட்டன்' என்று மனைவியிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு உடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். போனவன் சும்மா இருந்தேனா? ஒரே ஒரு பற்றரியின் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அதைக் கழுவிய மனைவி, கொடியில் போடாமல் வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்துப் பார்த்தாள். சாரனுக்குள்ளால் அவள் முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழுந்தது. திட்டுவாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவள் சாரனை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இனி இதை நீங்க உடுக்காதீங்க. எனக்கு மா அரிக்கிறதுக்கு நல்லா இரிக்கி."

சாகாமத்துப் பாரம்

விதைப்பு தொடங்குகிற காலம். சாகாமத்திலிருந்து ஒரு வயல்காரர் உழவு மெசின் பற்றரியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மெசின் பற்றரி என்றால் இரண்டு பேர் தூக்குகிற சாமான். மனிதர் ஏதோ பிலாப்பழம் கொண்டுவந்தவர் மாதிரி ஒற்றைத் தோளில் நிற்கிறார்! மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஆறு அறையிலும் ஒரு சொட்டுக் கிடையாது.

"தண்ணி எங்க தம்பி?" என்றேன். "கிணத்தடியில ஊத்திட்டன் காக்கா. பாரமும் பாரம், பஸ்ஸில ஆக்கள்ள காலில தெறிச்சா கொண்டக்டர் இறக்கி விட்டிருவான்" என்றார். அது தண்ணி இல்லை அசிட், பற்றரியின் பாதி உயிர் அதிலேதான் இருக்கிறது, உங்கள் கிணற்றடியில் வாழை நின்றால் அதற்கும் மௌத்துத்தான் என்று நான் மூச்சு விடாமல் கதைத்தேன். நல்ல காலம், தகடு காயமுன்னம் கொண்டுவந்திருந்தார். புது அசிட் ஊற்றிச் சார்ஜில் போட்டதும் எழும்பிவிட்டது. ஆனாலும் என்னுடைய பிரசங்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு பெரிய கடை வெச்சிரிக்கிறீங்க, ஒரு வாளித் தண்ணிக்கு இவ்வளவு கதையா?"

பாலமுனை ஆதம்பாவா

ஒரு பற்றரிக்குள் ஆறு அறை. கண்ணாடிக் குழாயை விட்டு ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை எழும்பும், அது எவ்வளவு எழும்புகிறது என்பதுதான் சேதி. ஆறும் ஒரே மாதிரிச் சோர்ந்து கிடந்தால் பயமில்லை. மெல்ல மெல்ல மூன்று நாலு நாள் சார்ஜ் பிடித்தால் எழும்பிவிடும். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் கதை முடிந்தது. படுத்தது மற்ற ஐந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கடையில் என்னுடைய படிப்பு முழுக்க அவ்வளவுதான்.

ஆதம்பாவாவுக்கு இந்தப் படிப்பெல்லாம் தேவையில்லை. அவன் பாலமுனைக்காரன், என் வயசுதான். செத்த பற்றரிகளை வாங்கி உடைத்து, ஈயத்தை உருக்கி, வலைக்குக் கட்டுகிற ஈயமணி வார்த்து மீன்காரர்களுக்கு விற்பான். திங்கட்கிழமை தவறாமல் சைக்கிளில் சாக்கோடு வருவான். சலாம் சொன்ன கையோடு, பிணக் கணக்குக் கேட்கிற மாதிரி அவன் கேட்பது, "இண்டைக்கு எத்தனை மையித்து?" மேசையில் எது இருந்தாலும் விரலால் ஒரு தட்டுத் தட்டி, "இது மௌத்து" என்பான். நான் "ஹயாத்து" என்பேன். இரண்டு பேரும் சண்டை பிடிப்போம். வாடிக்கையாளர் நடுவில் நின்று முழிப்பார்.

ஒரு திங்கள் ஒரு லொறிக்காரத் தம்பி நல்ல பற்றரி ஒன்றைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால் பற்றரி ஆதம்பாவாவின் சாக்குக்குள்! செத்ததென்று நினைத்து எடுத்துக் கட்டிவிட்டான். "உசிரோட இரிக்கிறதைக் கட்டிக்கொண்டு போறியா?" என்று லொறிக்காரன் கத்துகிறான். வீதியே கூடிவிட்டது. ஆதம்பாவா ஒரு பதற்றமும் இல்லாமல் சாக்கை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "கோவிக்காதீங்க தம்பி. இண்டைக்கு இல்லாட்டி இன்னொரு திங்கள், எப்பிடியும் அது என்னட்டத்தான் வரும்."

மாமியும் மழைத்தண்ணியும்

றாவியா மாமி மருதமுனைக்காரி. கைத்தறியில் இருக்கிற மனுசி. மருதமுனையில் அவர் நெய்த சாரனை உடுக்காதவன் இல்லை என்று அவரே சொல்வார். ஒரே மகன் றசீது லொறி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சவூதிக்குப் போனவன். மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதனால் அவன் கடிதம் போடுவதில்லை, கசெட்டில் கதைத்துப் பதிந்து, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவான். அதைக் கேட்க ஒரு கசெட் பெட்டியும் அனுப்பியிருந்தான். வீட்டில் கரண்ட் இல்லை. லொறியில் கிடந்த பழைய பற்றரியை அவன் உம்மாவுக்கென்று விட்டுவிட்டுப் போயிருந்தான். அதில்தான் பெட்டி ஓடியது.

முதல் தரம் அந்தப் பற்றரி சோர்ந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில் கட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். ஆறு அறையும் ஒரே மாதிரிப் படுத்திருந்தது. "ஹயாத்து மாமி" என்றேன். அந்த இடத்திலேயே இரண்டு கையையும் ஏந்திப் பற்றரிக்கு துஆக் கேட்டார். தண்ணி குறைந்தால் மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணிதான் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணி உப்பு, கிட்டவும் கொண்டுபோகக் கூடாது என்று விரலை நீட்டி எச்சரித்தேன். மறுகா எனக்கு ஒரு யோசனை வந்தது. கடையில்தான் கரண்ட் இருக்கிறதே, பெட்டியை இங்கே கொண்டுவந்து கேட்டால் இந்தப் பாரம் தூக்குகிற வேலையே வேண்டாமே என்றேன். வாசலில் கதைத்துக்கொண்டு நின்ற லொறிக்காரர்களை மாமி ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவன் கசெட்டில அழுவான் தம்பி. ஆம்பிளைப் புள்ள அழுறதை நான் சந்தியில வெச்சுப் போடுறதா?"

சுருங்கின செய்தி

நற்பிட்டிமுனையில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த மீராசாகிபு போடியார் டிவி வாங்கினார். அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் டிவி என்று அவர் சொல்வார், நான் மறுத்ததில்லை. அதுவும் பற்றரியில்தான் ஓடியது. ஒரு திங்கட்கிழமை பற்றரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "படம் கொஞ்சம் சின்னதா வருது" என்றார். பற்றரி சோர்ந்தால் டிவியில் படம் நாலு பக்கத்தாலும் சுருங்கும். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். பெருநாளையிலிருந்து என்றார். பெருநாள் முடிந்து மூன்று மாசம்! இப்போது செய்தி வாசிக்கிறவருடைய முகம் நெருப்புப் பெட்டி அளவுக்கு வந்துவிட்டதாம். ஐந்து அறை நன்றாக இருந்தது, ஒன்று மட்டும் கிடையாகக் கிடந்தது.

"மௌத்து, போடியார்" என்றேன். ஆதம்பாவா சாக்கை விரித்துவிட்டான். போடியாருக்குக் கோபம் வந்துவிட்டது. படம் தெரிகிற பற்றரியை எப்படி மௌத்து என்று சொல்கிறாய் என்று என்னோடு மல்லுக்கு நின்றார். இவ்வளவு சுருங்கும் வரைக்கும் ஏன் கொண்டுவரவில்லை என்று நானும் திருப்பிக் கேட்டேன். "ஏன் கொண்டுவாற?" என்றார் அவர். "படம் சின்னதாக, பின்னால இருந்த ஆக்களை முன்னால கூப்பிட்டு இருத்தினன். அவ்வளவுதானே!"

சோடாப் போத்தல்

அந்த டிவி பற்றரியை ஆதம்பாவா சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் றாவியா மாமி வந்தார். அன்றைக்கு முகமே சரியில்லை. கசெட் வந்து நாலு நாள், பெட்டி கதைக்கவில்லை. கொண்டுவந்த பையன், "உம்மா, றசீது முக்கியமான விஷயமொண்டு கேட்டிரிக்கான், பதிலைப் பதிஞ்சு தாங்க" என்று சொல்லியிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பையன் சவூதிக்குத் திரும்பிப் போகிறான். கேட்டது என்னவென்று கேட்காமல் என்ன பதிலைப் பதிவது? கடைக் கரண்டில் போட்டுக் கேட்க மாமி சம்மதிக்க மாட்டார், இரவல் கொடுக்க நான் வைத்திருந்த இரண்டு பற்றரியும் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கிக்குக் கீழே இருந்தன.

குழாயை விட்டுப் பார்த்தேன். ஐந்து அறை அரைகுறை. ஒன்று படுத்திருந்தது. சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். ஆதம்பாவா வழக்கம்போல வந்து பற்றரியில் கையை வைத்தான். மிதவை நின்ற நிலையில் எனக்கு ஏதோ பிடிபடவில்லை. "மாமி, மழைத்தண்ணிதானே ஊத்தினீங்க?" என்றேன். "அது எப்பவோ முடிஞ்சி தம்பி. மூடியைத் திறந்து பாத்தன், தகடெல்லாம் வறண்டு வெளியில தெரிஞ்சி." "அப்ப கிணத்துத் தண்ணியா?" என்று கத்திவிட்டேன். "நீங்கதானே கிட்டவும் கொண்டுபோகப்படாதெண்டீங்க?" என்றார். "பின்ன என்னத்தை ஊத்தினீங்க?" மாமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சம்சம் தண்ணி."

ஆதம்பாவா சூடு பட்டவன்போலக் கையை எடுத்தான். பற்றரிக்குள் இளநீர் ஊற்றினவனைக் கண்டிருக்கிறேன், சோடா ஊற்றினவனைக் கண்டிருக்கிறேன், தலையிடிக் குளிசை போட்டவனையும் கண்டிருக்கிறேன். மக்கத்துப் புனிதத் தண்ணியைக் கொண்டுவந்து ஊற்றின ஆளை அன்றைக்குத்தான் கண்டேன்! "நோய்க்குக் குடுக்கிற தண்ணிதானே தம்பி. ஆறு கிடங்குக்கும் பிஸ்மி சொல்லித்தான் ஊத்தினன்" என்றார் மாமி. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அருமையான தண்ணியை ஈயத்துக்கு ஊற்றினீங்களே, பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"பத்திரமாத்தான் வெச்சிருந்தன். றசீது போன முதல் வருஷம் அனுப்பினது, ஒரு சோடாப் போத்தல். எனக்கு உசிர் போற நேரம் வாயில விடச் சொல்லி அலுமாரியில வெச்சிருந்தன்." முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு என்னை நேராகப் பார்த்தார். "புள்ள என்ன கேக்கிறானெண்டு தெரியாம நான் மௌத்தானா, அந்தத் தண்ணி என்ட தொண்டையால இறங்குமா தம்பி?"

ஆதம்பாவாவின் சாக்கு

முதலில் வாயைத் திறந்தது ஆதம்பாவாதான். "இதை நான் எடுக்க மாட்டன் காக்கா. உடைக்கிறதெண்டா தண்ணியை ஊத்த வேணும். எங்க ஊத்துற?" கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு வெட்டி வைத்திருந்தேன், செத்த அசிட்டை அதில் ஊற்றிச் சுண்ணாம்பு போடுவோம். அந்தக் கிடங்கில் போய்ச் சம்சம் தண்ணியை ஊற்றுவதா? அல்லாஹ்ட காவல்! ஆக, பற்றரியை எழுப்பவும் வழியில்லை, ஈயத்துக்கு அனுப்பவும் வழியில்லை. மாமி வாங்கில் இருந்துகொண்டு எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

ஆதம்பாவா கட்டின சாக்கை அவிழ்க்கத் தொடங்கினான். டிவி பற்றரியை எடுத்து என் மேசையில் வைத்தான். "இதில ஒண்டுதானே மௌத்து? மற்ற அஞ்சும் ஹயாத்துத்தானே?" என்றான். எனக்கு அது தெரியாததில்லை. ஆனால் ஒன்றை உடைத்து எடுத்து இன்னொன்றில் பூட்டுகிற வேலையை நான் செய்வதில்லை. பூட்டினது ஒரு மாசத்தில் திரும்பி வரும், பேர் கெடும். கடை திறந்த நாளிலிருந்து அது என்னுடைய சட்டம். அன்றைக்கு அந்தச் சட்டத்தைத் தூக்கி மூலையில் போட்டேன். டிவி பற்றரியின் மேலிருந்த தாரைச் சூடாக்கிச் சுரண்டி, நல்ல அறையொன்றின் தகடுகளைக் கட்டோடு கிளப்பி எடுத்தேன். மாமியின் பற்றரியில் படுத்த அறைக்குள் இருந்த தண்ணியைக் குழாயால் உறிஞ்சி, ஒரு சொட்டுக் கீழே விடாமல் கண்ணாடிப் போத்தலில் எடுத்தேன். அந்தப் போத்தலை ஆதம்பாவா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். மாற்றிப் பூட்டி, ஈயத்தால் ஒட்டி, தார் வார்த்து, அதே தண்ணியைத் தெளிய வைத்துத் திரும்ப ஊற்றினேன். தொழில் தெரிந்தவர்கள் இதை வாசித்துத் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் மெல்லச் சார்ஜ் பிடித்தேன். வியாழக்கிழமை காலையில் குழாயை விட்டால் ஆறு அறையிலும் மிதவை ஒரே உயரத்தில் எழும்பி நிற்கிறது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். வாசலில் ஆதம்பாவா. வியாழக்கிழமை அவனுக்கு இங்கே என்ன வேலை? கேட்டால் சும்மா இந்தப் பக்கம் வந்தானாம். பற்றரியைத் தன் சைக்கிளிலேயே கட்டி மருதமுனைக்குக் கொண்டுபோகப் புறப்பட்டவன், பெடலில் காலை வைத்துக்கொண்டு திரும்பிச் சொன்னான்: "காக்கா, இதை ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதீங்க. ஈயக்காரனெண்டு எனக்கு ஊரில ஒரு பேர் இரிக்கி."

போத்தல் திரும்பி வந்தது

அடுத்த கிழமை மாமி சேதி கொண்டுவந்தார். சவூதியில் இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்களாம். வைக்கவா, வரவா, உம்மா சொல்வதைத்தான் செய்வேன் என்று றசீது கேட்டிருந்தான். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். "ஒரு சொல்லுத்தான் சொன்னன். வா எண்டன்." அந்த ஒரு சொல்லைச் சொன்ன பிறகு பெட்டியை நிப்பாட்டத் தெரியவில்லை. அது சுற்றிக்கொண்டே இருக்க, மாமி எழும்பிப்போய்த் தறியில் இருந்துவிட்டார். கசெட் முடியும் வரைக்கும் தறிச் சத்தம்தான் பதிந்திருக்கிறது. அப்படியே கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாரி தொடங்கி, வீதியெல்லாம் வெள்ளம் ஓடுகிற ஒரு திங்கட்கிழமை, நல்ல உயரமான ஒருத்தன் பற்றரியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தான். பின்னால் குடை பிடித்துக்கொண்டு மாமி. யாரென்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மாமியின் முகத்திலேயே எழுதியிருந்தது. அந்தத் தறிச் சத்தத்தை அங்கே முழுக்கக் கேட்டு முடித்தாயா என்று கேட்டேன். "ஒவ்வொரு நாளும் காக்கா" என்றான் றசீது. குழாயை விட்டுப் பார்த்தேன். மூன்று அறை படுத்திருந்தது. "மௌத்து" என்றேன். இந்தத் தரம் ஒருவருக்கும் கவலை இல்லை. ஆனால் ஆதம்பாவா மட்டும் சாக்கை விரிக்காமல் மாமியைப் பார்த்தான். "எடுங்க தம்பி, எடுங்க" என்றார் மாமி. "எத்தனை தரம் சார்ஜில கொதிச்சி, எத்தனை தரம் இந்தக் கடையில வாங்கின மழைத்தண்ணி ஊத்தினன். அந்தத் தண்ணி போக வேண்டிய இடத்துக்குப் போயிரிக்கும்."

ஆதம்பாவா பற்றரியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிச் சாக்கில் வைத்தான். மாமி முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். அதே போத்தல், வாய்வரை நிறைந்திருந்தது. றசீது வரும்போது ஒரு பெரிய கலன் நிறையச் சம்சம் கொண்டுவந்திருந்தான், அலுமாரிக்கு வேறு போத்தல் போய்விட்டதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அசிட் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு கையையும் சாரனில் துடைத்துக்கொண்டு வாங்கப் போனால் மாமி போத்தலை விடவில்லை. ஒரு பக்கம் அவர் பிடித்திருக்க, மறுபக்கம் நான் பிடித்திருக்க, அன்றைக்கு நான் நீட்டின மாதிரியே விரலை நீட்டி என்னையே எச்சரித்தார்: "இது உங்களுக்கும் வீட்டில புள்ளைக்கும் குடிக்கிறதுக்கு தம்பி. பற்றரிக்குக் கிட்டவும் கொண்டுபோகப்படாது."

அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றக் கூடாத தண்ணிகளைக் கிணற்றில் தொடங்கி மக்கம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அனுப்பினேன், ஆனாலும் நான் பூட்டிக் கொடுத்த அந்த ஒரே பற்றரி ஒரு மாசத்தில் திரும்பி வரவே இல்லை என்பதை மட்டும் இன்றைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.